ஐவிஎஃப், ஓஹெச்எஸ்எஸ், ரத்தப் புரதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைப்பேறு சிகிச்சை தொடங்கிய ஒரு மாதத்துக்குள் லேப் ரிப்போர்ட்டுகளே ஒரு ஃபைல் நிறையச் சேர்ந்துவிடும். ஏஎம்ஹெச், பீட்டா ஹெச்சிஜி, ஆல்புமின், பிசிவி என்று வரிசையாக எண்கள். எது முன்கூட்டியே எச்சரிக்கிறது, எது நடந்து முடிந்ததைச் சொல்கிறது என்று யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. ஐவிஎஃப் எனும் சோதனைக்குழாய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் வீட்டில் உள்ளவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில். இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

ஓஹெச்எஸ்எஸ் என்றால் என்ன? எல்லோருக்கும் வருமா?

ஊசி மருந்துக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வேலை செய்துவிடும் நிலை. தமிழில் சினைப்பை மிகைத்தூண்டல் எனலாம். மாதம் ஒரு முட்டை வளரும் இடத்தில் இருபது, முப்பது வளர்கின்றன. சினைப்பை வீங்குகிறது, வயிற்றில் நீர் சேர்கிறது. வயிறு உப்பல், லேசான வலி என்ற அளவில் ஐவிஎஃப் செய்துகொள்பவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட வரலாம். அது ஒரு வாரம், பத்து நாளில் தானாக அடங்கிவிடும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போவது வெகு சிலருக்குத்தான். இளம் வயது, ஒல்லியான உடல்வாகு, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), முன்பு ஒருமுறை வந்த அனுபவம் ஆகியவை இருப்பவர்கள் அந்தச் சிலரில் இருக்க வாய்ப்பு அதிகம்.

வீங்குவது சினைப்பை. ரத்தத்தில் உள்ள புரதம் இதில் எங்கே வருகிறது?

எல்லா இடத்திலும் வருகிறது. இந்தச் சிக்கலைத் தொடங்கி வைப்பது ஒரு புரதம், அதை நடத்துவது இன்னொன்று, அதில் இழக்கப்படுவது மூன்றாவது.

முட்டை முதிர்வதற்காகக் கடைசியில் போடும் ட்ரிகர் ஊசியில் இருப்பது பெரும்பாலும் ஹெச்சிஜி. அது சர்க்கரை ஒட்டிய ஒரு புரதம். முட்டையைச் சுற்றியுள்ள செல்கள் ஹெச்சிஜியைக் கண்டதும் விஇஜிஎஃப் என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்கின்றன. புதிய ரத்தக்குழாய்களை வளர்ப்பதும், இருக்கும் குழாய்களின் சுவரைத் தளர்த்துவதும் அதன் வேலை. சாதாரண மாதத்தில் ஒரே ஒரு முட்டைப்பைக்கு அது தேவையான அளவு. முப்பது பைகள் சேர்ந்து சுரந்தால் குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள் கசிகிறது.

கசிவது வெறும் தண்ணீர் என்றால் பாதிப் பிரச்சினைதான். கூடவே ஆல்புமினும் போகிறது. கல்லீரல் தயாரிக்கும் இந்தப் புரதம்தான் ரத்தக்குழாய்க்குள் நீரைப் பிடித்து வைக்கும் விசையில் முக்கால் பங்கைத் தருகிறது. அது வெளியேறினால் நீரைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. மேலும் கசிகிறது, மேலும் ஆல்புமின் போகிறது. உள்ளே மிஞ்சும் ரத்தம் அடுப்பில் சுண்டிய குழம்பு போலக் கெட்டியாகிறது. இந்தக் கெட்டித்தன்மையைத்தான் ரத்தப் பரிசோதனையில் பிசிவி என்ற எண் காட்டுகிறது. சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் போகாததால் சிறுநீர் குறைகிறது. வயிறு நிறையத் தண்ணீர், ஆனால் உடம்புக்குள் வறட்சி. இந்த முரண் புரிந்துவிட்டால் கீழே வரும் பல பதில்கள் தானாகவே விளங்கும்.

அப்படியென்றால் விஇஜிஎஃப்பை ரத்தத்தில் அளந்து முன்கூட்டியே சொல்லிவிடலாமே?

ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலமாக முயல்கிறார்கள். சிக்கல் அளவிடுவதிலேயே இருக்கிறது. ரத்தத் தட்டணுக்களுக்குள்ளும் விஇஜிஎஃப் இருக்கிறது. டெஸ்ட் டியூபில் எடுத்த ரத்தம் உறையும்போது அவை அதைக் கொட்டிவிடும். ஆகவே உறைந்த ரத்தத்தின் தெளிநீரில் அளந்தால் ஓர் எண், உறையாமல் தடுத்த பிளாஸ்மாவில் அளந்தால் வேறோர் எண். ஆளுக்கு ஆளும் மாறுகிறது. போதாக்குறைக்கு, விஇஜிஎஃப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதமும் ரத்தத்தில் மிதக்கிறது; மொத்த அளவைவிட, பிடிபடாமல் திரியும் பங்குதான் முக்கியம். அதனால் இது வழக்கமான டெஸ்ட்டாக வரவில்லை. ‘விஇஜிஎஃப் பேக்கேஜ்’ என்று யாராவது விற்க வந்தால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

எனக்கு ஏஎம்ஹெச் 7 என்று வந்திருக்கிறது. ‘சூப்பர், நிறைய முட்டை இருக்கு’ என்கிறார்கள். சந்தோஷப்படவா, பயப்படவா?

சந்தோஷப்படலாம், கூடவே ஒரு கேள்வியும் கேட்கலாம். ஏஎம்ஹெச்சும் ஒரு புரதம்தான்; சினைப்பையில் உள்ள சின்னஞ்சிறு முட்டைப்பைகள் அதைச் சுரக்கின்றன. எண் கூடினால் ஊசிக்குப் பதில் சொல்லக் காத்திருக்கும் பைகள் அதிகம் என்று பொருள். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் ஒரு மில்லிக்கு 3.4 நானோகிராமுக்கு மேல் போனால் ஓஹெச்எஸ்எஸ் ஆபத்து கூடுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. ஸ்கேனில் எண்ணும் சிறு பைகள் 24க்கு மேல் இருந்தாலும் அப்படியே. பிசிஓடி உள்ளவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே உயர்ந்திருக்கும்.

லண்டனிலோ டொராண்டோவிலோ இருந்து படிப்பவர்கள் அலகைப் பாருங்கள். அங்கே பிகோமோல் கணக்கில் வரும். நம்மூர் 1 அங்கே சுமார் 7. அதாவது 3.4 என்பது அங்கே 24. வாட்ஸ்அப்பில் அக்காவும் தங்கையும் எண்களை ஒப்பிட்டு அழுவதற்குள் இதைக் கவனித்தால் நல்லது.

இங்கே பேசும் ரத்தப் பரிசோதனை எண்களில் ஏஎம்ஹெச் ஒன்றுதான் நிதானமாக முடிவெடுக்க நேரம் தருகிறது. முதல் ஊசிக்கு முன்பே கையில் இருக்கிறது. அதைப் பார்த்து மருந்தின் அளவைக் குறைக்கலாம், முறையையே மாற்றலாம். ஆல்புமின் குறைந்ததாக ரிப்போர்ட் வரும்போது அந்த வாய்ப்பு கடந்து போயிருக்கும்.

ஈஸ்ட்ரடையால் 4000 தாண்டிவிட்டது என்கிறார்களே?

அது புரதமல்ல, முட்டைப்பைகள் சுரக்கும் வேறு வகை ஹார்மோன். ட்ரிகர் நாளன்று 3500 பிகோகிராமுக்கு மேல் என்றால் எச்சரிக்கை மணி. ஆனால் கசிவை உண்டாக்குவது அதுவல்ல. எத்தனை பைகள் வேலை செய்கின்றன என்பதைக் காட்டும் மீட்டர் மட்டுமே.

டாக்டரிடம் நான் கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வி எது?

“எனக்கு எந்த ட்ரிகர் ஊசி போடப் போகிறீர்கள், ஏன்?”

பலரும் ஊசிகளின் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள், பணத்தைக் கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை. முட்டையை முதிர வைக்க உடம்பு தானாகச் சுரக்கும் எல்ஹெச் ஹார்மோன் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். ஹெச்சிஜி ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். சில நாட்கள் உடம்பில் நின்று சினைப்பையை விரட்டிக்கொண்டே இருக்கும். ஆபத்து அதிகமுள்ளவருக்கு அதற்குப் பதில் ட்ரிப்டோரெலின் அல்லது லூப்ரோலைடு ஊசி போடலாம். அது மூளையடிச் சுரப்பியைத் தட்டி, உடம்பின் சொந்த எல்ஹெச்சையே ஒரு வீச்சில் வெளியேற வைக்கிறது. முட்டை முதிர அது போதும். பிறகு அலை சட்டென்று ஓய்ந்துவிடுகிறது. விஇஜிஎஃப்பைத் தூண்ட ஆள் இல்லை. கடுமையான ஓஹெச்எஸ்எஸ் இந்த வழியில் மிக அரிதாகிவிட்டது.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, சுரப்பியை முன்கூட்டியே முழுதாக அடக்கி வைக்காத ‘ஆன்டகனிஸ்ட்’ போன்ற முறைகளில்தான் இது வேலை செய்யும். பழைய ‘லாங் புரோட்டோகால்’ முறையில் சுரப்பி ஏற்கெனவே அடக்கி வைக்கப்பட்டிருப்பதால் தட்டினாலும் திறக்காது. அதனால்தான் இந்தக் கேள்வியைச் சிகிச்சையின் முதல் நாளே கேட்க வேண்டும். ட்ரிகர் அன்று கேட்டால் தாமதம். இரண்டு, இந்த ஊசிக்குப் பிறகு கருப்பை உள்சுவருக்கு ஆதரவு குறைந்துவிடும். அதனால் கருக்களை எல்லாம் உறைய வைத்து, ஓரிரு மாதம் கழித்து உள்ளே வைப்பார்கள். ஃப்ரீஸ் செய்யும் செலவு தனி. அந்தச் சண்டை வீட்டில் வரும் என்று தெரியும். ஆனால் ஐசியு பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிசிஓடி உள்ள 1508 பெண்களைச் சேர்த்துச் சீனாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், உடனே கரு வைத்தவர்களில் 7.1 சதவீதம் பேருக்கு ஓஹெச்எஸ்எஸ் வந்தது. உறைய வைத்துப் பிறகு வைத்தவர்களில் 1.3 சதவீதம்தான். குழந்தை பிறந்த விகிதமும் உறைய வைத்தவர்களிடம் கூடுதல்: 42க்கு எதிராக 49 சதவீதம். அதே ஆய்வில் ஒரு கசப்பான எண்ணும் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

கேபர்கோலின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மெடிக்கலில் ‘இது பால் நிறுத்துற மாத்திரை’ என்றார்களே?

இரண்டும் சரி. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை அடக்கும் மாத்திரைதான். விஇஜிஎஃப் போய் ஒட்டும் ஏற்பியின் செயலையும் அது மட்டுப்படுத்துகிறது. அதனால் கசிவு குறைகிறது. பெரும்பாலும் ட்ரிகர் நாளிலிருந்தோ முட்டை எடுத்த நாளிலிருந்தோ தினமும் அரை மில்லிகிராம், ஒரு வாரத்துக்குச் சற்று மேல். தலைசுற்றும், இரவில் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம்.

ஆல்புமின் 2.6 என்று வந்திருக்கிறது. தினமும் ஆறு முட்டை வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்கிறார் மாமியார்.

மாமியார் சொல்வதில் கெடுதல் இல்லை. ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான அளவு 3.5 முதல் 5 கிராம் வரை. ஆரோக்கியமான கல்லீரல் ஒரு நாளைக்குத் தயாரிப்பதே பத்து, பதினைந்து கிராம்தான். சாப்பிட்ட முட்டை நேராக ரத்த ஆல்புமினாக மாறாது. ஓட்டை திறந்திருக்கும்வரை தயாரித்ததும் வெளியே போய்க்கொண்டிருக்கும். குழாய்ச் சுவர் பழையபடி இறுகியதும் எண் தானே ஏறும். புரோட்டீன் பவுடர் டப்பாவில் பெரிய தொகை போட வேண்டியதில்லை. முட்டை, பருப்பு, தயிர், மீன் என்று வயிறு ஏற்றுக்கொள்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

நிலைமை மோசமானால் ஆல்புமினை நேரடியாக டிரிப்ஸில் ஏற்றுவார்கள். தானம் செய்த மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தது அது. 20 சதவீத மருந்து 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் இருக்கும்; விலையும் கையைக் கடிக்கும். வந்த பிறகு சிகிச்சையாகத் தருவதற்குக் காரணம் உண்டு. வராமல் தடுக்க முட்டை எடுக்கும் அன்றே ஏற்றும் பழக்கம் வேறு விஷயம்: 2003இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில் ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு அப்படிக் கொடுத்தும் பலன் தெரியவில்லை. தடுப்புக்கு என்று பில்லில் எழுதினால் ஏன் என்று கேளுங்கள்.

நீர் கோத்துக்கொண்டதற்கு பார்லி தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு கொடுக்கலாமா?

காலில் நீர் கோத்தால் நம் வீடுகளில் முதலில் கொதிப்பது பார்லிதான். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. உடம்பில் நீர் கூடிப்போனதால் வந்த வீக்கமல்ல இது. ரத்தத்திலிருந்து இடம் மாறிப் போன நீர். சிறுநீரைப் பெருக்கி வெளியேற்றினால் ஏற்கெனவே கெட்டியான ரத்தம் இன்னும் கெட்டியாகும். ஒரு டம்ளர் பார்லி தண்ணீர் குடித்ததால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையை, தாத்தாவுக்கு வாங்கி வைத்தது இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர், மோர், ஓஆர்எஸ் போதும். லிட்டர் கணக்கில் திணிக்க வேண்டாம். ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருப்பதாகச் சொல்லியிருந்தால் இளநீருக்கும் கொஞ்சநாள் விடுமுறை. வலிக்கு பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும்.

எப்போது ராத்திரி என்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்?

ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறினால். சிறுநீர் வெகுவாகக் குறைந்து அடர்மஞ்சளாகப் போனால். படுத்தால் மூச்சு முட்டினால். வாந்தி நிற்காவிட்டால். திடீரென ஒரு பக்கம் மட்டும் பிடுங்குவது போல வலித்தால் வீங்கிய சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது தனி அவசரம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே எடைமெஷினில் நின்று எழுதி வையுங்கள். தொப்புளைச் சுற்றி டேப் வைத்து வயிற்றளவையும் எழுதுங்கள். டூட்டி டாக்டருக்குப் போனில் ‘ரொம்ப உப்பலா இருக்கு’ என்பதைவிட ‘நேற்று 58.2, இன்று 59.6’ என்பது சட்டென்று புரியும்.

ஆஸ்பத்திரியில் பிசிவி 45ஐத் தாண்டினால் கடுமையான நிலை என்றும், 55ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்தான நிலை என்றும் பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி வகுத்திருக்கிறது. நீர் அதிகமானால் ஸ்கேன் பார்த்து ஊசி வழியாக இறக்குவார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். இறக்கியதுமே மூச்சு விடுவது இலகுவாகும், சிறுநீரும் பிரியத் தொடங்கும்.

வீக்கமெல்லாம் வடிந்துவிட்டது. கழுத்தில் ஒரு பக்கம் வலிக்கிறது. தலையணை சரியில்லையோ?

தலையணையைக் குறை சொல்வதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். ரத்தம் கெட்டியானபோது உறைதலைத் தூண்டும் ஃபைப்ரினோஜென் போன்ற புரதங்கள் செறிவாகின்றன. ஈஸ்ட்ரஜன் அவற்றை மேலும் கூட்டுகிறது. உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ரோம்பின் கசிவோடு வெளியே போகிறது. தராசு ஒரு பக்கமே சாய்கிறது. சாதாரணமாக ரத்தம் உறைந்து அடைப்பது கெண்டைக்கால் ரத்தக்குழாயில். ஓஹெச்எஸ்எஸ்ஸுக்குப் பிறகு வருவது கழுத்திலும் கையிலும் அதிகம் பதிவாகியிருக்கிறது, அதுவும் வீக்கம் வடிந்து சில வாரங்கள் கழித்து. கழுத்து வலி, ஒரு கை மட்டும் வீங்குவது, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி எதையும் ‘கேஸ் டிரபிள்’ என்று தள்ளக் கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் ஐவிஎஃப் செய்துகொண்டதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். பலர் கூச்சப்பட்டு மறைக்கிறார்கள், அது ஆபத்து.

சுவீடனில் 1990 முதல் 2008 வரையிலான பிரசவங்களை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், ஐவிஎஃப் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ஆயிரத்தில் 1.5 பேருக்கு இப்படி உறைந்தது. இயல்பாகக் கருத்தரித்தவர்களில் 0.3 பேருக்கு. ஐந்து மடங்கு என்றாலும் ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான். ஓஹெச்எஸ்எஸ் வந்தவர்களுக்கு இது இன்னும் பல மடங்கு. அதனால்தான் கடுமையாக வந்தவர்களுக்கு வயிற்றில் தினமும் உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி போடச் சொல்கிறார்கள், கரு தங்கினால் மூன்று மாதம் வரைகூட. ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் டெஸ்ட் இங்கே அவ்வளவு உதவாது. கர்ப்பத்திலும் ஓஹெச்எஸ்எஸ்ஸிலும் அது எப்படியும் உயர்ந்தே இருக்கும், ஸ்கேன்தான் தீர்ப்பு.

கரு வைத்துப் பத்து நாள் ஆகிறது. அடங்கிய வீக்கம் திரும்ப வருகிறது. ஏன்?

கரு ஒட்டியிருக்கலாம். ஒட்டிய கருவும் ஹெச்சிஜியைத்தான் சுரக்கிறது. ஊசியின் ஹெச்சிஜி தீர்ந்த இடத்தில் கருவின் ஹெச்சிஜி வந்து அதே வேலையைத் தொடர்கிறது. இரட்டைக் கரு என்றால் இன்னும் கூடும். நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே கவரில் வருவது இங்கேதான். கர்ப்பம் பெரும்பாலும் தொடரும். ஆனால் வீட்டில் கிட் வைத்துப் பார்க்க அவசரப்படாதீர்கள். ட்ரிகர் ஊசியின் மிச்சமே பத்து நாள் வரைக்கும் பொய்யாக இரண்டு கோடு காட்டக்கூடும்.

உறைய வைத்த கரு என்றால் ஆபத்து முடிந்ததா?

ஓஹெச்எஸ்எஸ் ஆபத்து பெரும்பாலும் முடிந்தது. மேலே சொன்ன கசப்பான எண் இங்கே வருகிறது. அதே சீன ஆய்வில் கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோயான ப்ரீஎக்ளாம்ப்சியா, உறைய வைத்தவர்களில் 4.4 சதவீதம், உடனே வைத்தவர்களில் 1.4 சதவீதம்.

ஒரு காரணம் இப்படிச் சொல்லப்படுகிறது. முட்டை வெளியான இடத்தில் உருவாகும் மஞ்சள் திசு ரிலாக்ஸின் என்ற புரத ஹார்மோனைச் சுரந்து தாயின் ரத்தக்குழாய்களைக் கர்ப்பத்துக்குத் தயார்செய்கிறது. மாத்திரை கொடுத்தே கருப்பையைத் தயாரிக்கும் மாதத்தில் முட்டை வெளியாவதில்லை. அந்தத் திசுவும் இல்லை, ரிலாக்ஸினும் இல்லை. அதனால், மாதவிலக்கு ஒழுங்காக வருபவர்கள் இயற்கைச் சுழற்சியிலேயே கருவை வைக்க முடியுமா என்று கேட்கலாம். 12 வாரத்திலிருந்து சிறு அளவு ஆஸ்பிரின் வேண்டுமா என்பதையும் மகப்பேறு டாக்டரிடம் பேசுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், மேலே பார்த்த எஸ்எஃப்எல்டி-1 இங்கே வில்லனாக வருகிறது. ஓஹெச்எஸ்எஸ்ஸில் விஇஜிஎஃப் கட்டுக்கடங்காமல் திரிகிறது. ப்ரீஎக்ளாம்ப்சியாவிலோ நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1ஐக் கொட்டி, விஇஜிஎஃப்பைத் தேவைக்கும் கிடைக்காமல் கட்டிப்போடுகிறது. எஸ்எஃப்எல்டி-1க்கும் பிஎல்ஜிஎஃப் என்ற நஞ்சுக்கொடிப் புரதத்துக்கும் உள்ள விகிதம் 38க்குள் இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வர வாய்ப்பு மிகக் குறைவு என்று 2016இல் வந்த ஆய்வு காட்டியது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு சந்தேகம் வந்தால் எடுக்கும் டெஸ்ட் அது; ஐவிஎஃப் தொடக்கத்தில் எடுத்துப் பயனில்லை.

ஐயுஐ (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் முறை) மட்டும்தான் செய்கிறோம். எங்களுக்குமா?

முட்டை வளரக் கொடுக்கும் லெட்ரோசோல் மாத்திரையோடு என்றால் மிக அரிது. ஹார்மோன் ஊசியோடு என்றால் வரலாம். ஸ்கேனில் நிறைய முட்டை தெரிந்தால் அந்த மாதத்தை விட்டுவிடச் சொல்வார்கள். கேளுங்கள்.

முட்டை தானம் கொடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து இல்லையா?

அவர்கள் இளம் வயதினர், ஆகவே நன்றாகவே உண்டு. கரு அவர்களுக்குள் வைக்கப்படாததால் இரண்டாம் சுற்று வீக்கம் மட்டும் வராது. ஹெச்சிஜி இல்லாத ட்ரிகர் இவர்களுக்குப் போடுவதே நியாயம். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, 12 மாதத்துக்குக் காப்பீடும் எடுத்துத் தர வேண்டும். ‘இன்னொரு தடவை வா’ என்று புரோக்கர் கூப்பிட்டால் அது சட்டவிரோதம்.

ஒருமுறை வந்தால் மறுமுறையும் வருமா?

அதே மருந்து, அதே அளவு, அதே ட்ரிகர் என்றால் வரலாம். மாற்றினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது எந்த முறை, தினமும் எத்தனை யூனிட் ஊசி, எந்த ட்ரிகர், எத்தனை முட்டை எடுத்தார்கள், பிசிவி எவ்வளவு ஏறியது, ஆல்புமின் எவ்வளவு இறங்கியது என்பதை ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். டாக்டரை மாற்றினாலும் அந்தத் தாள் கூடவே போகட்டும்.